ஒரே ஒரு நிறுத்தம் மட்டும்

அத்தியாயம் 7

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அவள் அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் எக்சர்சைஸ் அம்மா. அவள் கணவர் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர். ஜட்ஜிலிருந்து டவாலி போட்ட சேவகர் வரை எல்லோருக்கும் அவர் ஸ்டெனோ சார். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி எழுந்து நடக்க வைக்கும் ஓர் இல்லத்தில் சம்பளமில்லாமல் மூன்று மாதம் வேலை செய்யக் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். வர ஆசைப்பட்டது அவள். "நீ தனியாப் போக வேண்டாம்" என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டு, விமானத்தில் பாதி வழியிலேயே வருத்தப்பட ஆரம்பித்தவர் அவர். ஊர் திரும்ப இன்னும் பத்தொன்பது நாள். திரும்பியதும் நாலு வயசுப் பேத்தியைப் பார்த்துக்கொள்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி மகள் ஒரு புது வேலைக்குச் சரி சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்டெனோ சார் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அடுப்பின் திருகு நம் ஊர் அடுப்புக்கு நேர் எதிராகத் திரும்பும். முதல் மாதம் முழுக்க, சின்னதாக வைப்பதாக நினைத்துப் பெரிதாக வைத்து, பால் பொங்கி, அதைத் துடைத்துத் துடைத்தே அவருக்கு மணிக்கட்டில் வலி வந்துவிட்டது. இப்போது கை தானாகச் சரியான பக்கம் போகிறது. அதைக் கவனித்தபோது அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இனி ஊரில் அல்லவா பால் பொங்கும்.

இல்லம் அவர்கள் தங்கக் கொடுத்த இரண்டு அறைகள் வேறொரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தன. படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் தலையை ஓர் அங்குலம் அசைப்பார்கள். அவ்வளவுதான். எங்கே கிளம்பியாச்சு, சாப்பிட்டாச்சா, பையில் என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. முதல் வாரம் அவர் எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். ஒரு பெண்மணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

"நான் செத்துக் கிடந்தாக்கூட, நாத்தம் வந்தப்புறம்தான் கதவைத் தட்டுவாங்க போலிருக்கு" என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்தக் கஷ்டம் அதிகம் இல்லை. முட்டியை மடக்கு, நீட்டு, மூச்சை விடு, இன்னும் ஒரு தடவை. இந்த நாலு சொல்லை இந்த ஊர்ப் பேச்சில் கற்றுக்கொண்டாள். மிச்சத்தை அவள் கைகள் பார்த்துக்கொண்டன. வலிக்கிற இடம் எல்லா ஊரிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவருக்கோ முப்பத்து நாலு வருஷம் பேச்சுதான் தொழில். வக்கீல் பேசுவார், சாட்சி பேசுவார், ஜட்ஜ் பேசுவார். ஒரு சொல் சிந்தாமல் எழுதியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் மளிகைக் கடையில் உப்பு கேட்டு, துணி சோப்புத் தூளோடு வீட்டுக்கு வந்தார்.

ஒரு மாதம் அறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் எக்சர்சைஸ் அம்மாதான் அவரை இல்லத்தின் சலவை அறையில் கொண்டுபோய் விட்டாள். அங்கே இரண்டு பெண்கள் பகல் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டு படுக்கை விரிப்புகளை மடிப்பார்கள். அவர் மூன்றாவது ஆள். நாலு முனையும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தால்தான் விடுவார். அவர்கள் அவரை ஒரு சொல்லால் கூப்பிட ஆரம்பித்தார்கள். திட்டுகிறார்களோ என்று விசாரித்தபோது அதற்கு 'மூலை' என்று அர்த்தமாம். அதன் பிறகு அவர் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கலானார்.

நிற்க. அன்று காலை ஒன்பது மணிக்கு இல்லத்தின் பொறுப்பாளர் எக்சர்சைஸ் அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

பொறுப்பாளருக்கு ஐம்பது வயசு இருக்கும். பேச்சுப் பயிற்சி தருவதில் படித்துத் தேறியவர். ஆனால் நிர்வாகம் தலையில் விழுந்த பிறகு ஒரு நோயாளிக்கு வாரத்தில் இருபது நிமிஷம் ஒதுக்குவதே அவருக்குப் பெரும்பாடு. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவார்.

இரண்டு விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். முதல் விஷயம் நல்லது. நடைக்கூடத்தில் அவள் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அடுத்த பிசியோதெரபிஸ்ட் வர ஒன்பது மாதம் ஆகும். அதுவரை அவளால் இருக்க முடியுமா? யோசித்து, கணவரிடமும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்களே தவிர, நீ இன்னும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்று உடனே சொல்லிவிடத் துடித்த வாயை அவள் அடக்கிக்கொண்டாள்.

இரண்டாவது விஷயம் அவள் கணவரைப் பற்றியது என்றார் பொறுப்பாளர்.

மாடி அறையில் ஒரு நோயாளி இருக்கிறார். இல்லத்தில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். பஸ் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் தாக்கி வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வாயிலிருந்து சத்தம் வருமே தவிர ஒன்றும் விளங்காது. பேக்கரியில் வேலை செய்யும் அவருடைய மகள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தபோது, கண்ணாடிக் கதவு வழியாக ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அப்பா வாய் குழறிக்கொண்டிருக்கிறார். எதிரில் ஒரு வெளியூர்க்காரர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர் குழறியதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார். அவள் உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள். மறுநாள் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தாள். என் அப்பாவைக் கேலிப் பொருளாக்க யாருக்கும் உரிமை இல்லை, அந்த மனிதர் இனி அந்த அறைக்குள் வரக்கூடாது என்று.

தினமும் நாலு மணிக்குக் கணவர் தோட்டத்தில் காற்றாட உட்கார்ந்திருப்பதாக எக்சர்சைஸ் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

கட்டின புருஷன் நாலு மணிக்கு எங்கே போகிறார் என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதற்குப் பின்னால்தான், அவர் யாரையும் கேலி செய்கிற ஆள் இல்லையே என்ற எண்ணம் வந்தது. அதை அவள் சொன்னாள். பொறுப்பாளரும் தலையாட்டினார். இருந்தாலும் விசாரித்து முடிக்கும்வரை அவர் மாடிக்குப் போகாமல் இருப்பது நல்லது என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் சலவை அறைக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டி மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சோறு. அவர் இரண்டு வாய் சாப்பிடட்டும் என்று காத்திருந்து, அவள் புகாரைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் டப்பாவை மூடிக் கீழே வைத்தார்.

"நான் அவரைப் பார்த்துச் சிரிக்கல" என்றார் மெதுவாக. "அவர்தான் முதல்ல சிரிச்சார். அவர் சிரிச்சதாலதான் நான் சிரிச்சேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல, அங்க போறேன்னு?"

"சொல்ல என்ன இருக்கு. எனக்கும் இங்க பேச வராது, அவருக்கும் வராது. ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம்."

இந்த ஊரில் அவருக்கென்று கிடைத்த ஒரே சிநேகிதம் அது என்பதை அவர் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள். எழுந்து போகும்போது, டிக்கெட்டை இன்னும் முந்தின தேதிக்கு மாற்ற முடியுமா என்று விசாரிக்கச் சொன்னார். அடுத்த வாரமே இடம் இருந்தாலும் சரி என்றார்.

ஒன்பது மாதம் என்ற சொல் அவள் வாய்க்குள்ளேயே ஆறிப்போயிற்று.

நாலு மணிக்கு டிரைவர் ரகளை செய்தார். ரகளை என்றால், விழாத இடது கையால் சக்கர நாற்காலியின் பிடியை ஓங்கி ஓங்கித் தட்டினார். நடைக்கூடத்துக்கு வர மறுத்தார். எக்சர்சைஸ் அம்மா மேலே போனபோது அவர் ஜன்னலருகே உட்கார்ந்து வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தட்டினார். எதிரில் ஒரு மர நாற்காலி காலியாகப் போட்டிருந்தது. அதை அங்கே போட்டது யார் என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். டிரைவரே இடது காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து வைத்தாராம். தினமும் வைப்பாராம்.

அந்த நாற்காலியைப் பார்த்தபடி அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நேரே பொறுப்பாளர் அறைக்குப் போனாள்.

தன் கணவரை மாடிக்கு விடச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். புகார் கொடுத்தவளையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். அவர் தப்புச் செய்திருந்தால் நானே அவரை அழைத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் போய்விடுகிறேன்.

டிரைவரின் மகள் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. ஸ்டெனோ சாரோடு ஒரே அறையில் உட்காரவே அவளுக்கு விருப்பம் இல்லை. நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஸ்டெனோ சாருக்கும் வர விருப்பம் இல்லைதான். "சம்மன் அனுப்பிட்டாங்க, ஆஜராகித்தானே ஆகணும்" என்று மனைவியிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கையில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது.

அதில் என்ன எழுதுகிறீர்கள் என்று பொறுப்பாளர் கேட்டார்.

அவர் பேசுகிறதைத்தான், என்றார் ஸ்டெனோ சார். என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பேச்சில் எனக்கு முப்பது சொல் தெரிந்தால் அதிகம். ஆனால் சுருக்கெழுத்துக்கு அர்த்தம் வேண்டாம், சத்தம் போதும். கேட்ட சத்தத்தைக் கோடாகப் போட்டுக்கொண்டே போகலாம். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, எழுதினேன். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவேன். தப்பாகப் படித்தால் தலையை ஆட்டுவார். திருத்திப் படிப்பேன்.

பொறுப்பாளர் அதை அந்தப் பெண்ணுக்கு அவர்கள் மொழியில் சொன்னார். அவள் முகம் இளகவில்லை. அப்பா குழறுவதையெல்லாம் எழுதி வைத்து இவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டாள்.

"அது குழறல் இல்லம்மா" என்றார் ஸ்டெனோ சார், தமிழிலேயே. பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். பதினாலு நாளாக எழுதுகிறேன். பதினாலு நாளும் அதே சொற்கள், அதே வரிசை. ஒருநாள் நாலு சொல்லோடு நிற்பார், ஒருநாள் பன்னிரண்டு வரை போவார். ஆனால் வரிசை மாறியதே இல்லை. குழறுகிறவன் நேற்றுக் குழறியதையே இன்றைக்கும் எப்படிக் குழறுவான்? ஏதோ பாட்டு, இல்லாவிட்டால் பிரார்த்தனை என்று நினைத்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொறுப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படியுங்கள் என்றார்.

ஸ்டெனோ சார் எழுந்து நின்றார். கோர்ட்டில் சாட்சியின் வாக்குமூலத்தைத் திருப்பிப் படிக்கச் சொல்லும்போது நிற்கிற மாதிரியே நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் தேதி, அப்புறம் நேரம், அப்புறம் டிரைவரின் சொற்களைப் படித்தார். குழறல் குழறலாகவே, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, விழுங்க வேண்டிய இடத்தில் விழுங்கிப் படித்தார். ஏற்றம் இறக்கம் எதையும் தன் பங்குக்குச் சேர்க்கவில்லை.

முதல் இரண்டு சொல்லுக்கு அந்தப் பெண் எழுந்து போய்விடப் பார்த்தாள். மூன்றாவது சொல்லில் கதவுப் பிடியில் வைத்த கை நின்றது. நாலாவதில் திரும்பினாள்.

ஆறாவது சொல்லுக்குப் பிறகு அவர் வாயால் ஹாரன் அடித்தார். 'பாம், பாம்' என்று. அவர் எழுதி வைத்திருந்ததில் அதுவும் இருந்தது. எக்சர்சைஸ் அம்மாவுக்குச் சங்கடமாகத் தரையைப் பார்க்கத் தோன்றியது. அவரோ முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "இந்த இடத்தில்தான் அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்" என்று பதிவுக்குச் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு ஏழாவதுக்குப் போனார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கினாள். பிறகு பொறுப்பாளரிடம் வேகவேகமாகப் பேசினாள். பொறுப்பாளர் அதை மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

அவை பஸ் நிறுத்தங்களின் பெயர்கள்.

பத்தொன்பது வருஷம் அவர் ஓட்டிய தடம். இப்போது அந்தத் தடத்தில் பஸ் இல்லை. பாதையை மாற்றிவிட்டார்கள். பல நிறுத்தங்களுக்குப் பெயரும் மாறிவிட்டது. ஆறாவது நிறுத்தம் தாண்டியதும் ஒரு குறுகிய திருப்பம் வரும். அங்கே இரண்டு தடவை ஹாரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும். சின்ன வயதில் லீவு நாளில் அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்த ஹாரனை வாயால் அடித்ததே இவள்தான்.

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். இங்கே எல்லோரும் அவர் என்ன சொல்ல வருகிறார், என்ன கேட்கிறார் என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம், பசியா, தண்ணீரா, வலியா என்று. அதில் எதிலும் சேராததால் உளறல் என்று விட்டுவிட்டோம். பல வருஷம் வரிசையாகச் சொல்லிப் பழகினது சிலருக்குப் பேச்சு போன பிறகும் தங்கியிருக்கும், இது எனக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி, நான் கவனித்திருக்க வேண்டும் என்றார்.

அந்தப் பெண் முதல் ஆளாக எழுந்தாள்.

நாலு பேரும் மாடிக்குப் போனார்கள். டிரைவர் தட்டி ஓய்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெனோ சாரைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தி, ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல் விரித்தார். ஸ்டெனோ சார் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, மன்னிக்கணும் என்று தமிழிலேயே சொன்னார்.

மகள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். குனிந்து முதல் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள்.

டிரைவர் அசையாமல் இருந்தார். பிறகு இரண்டாவதைச் சொன்னார். குழறலாகத்தான். ஆனால் இப்போது அறையிலிருந்த எல்லோருக்கும் அது ஊர்ப் பெயராகக் கேட்டது. மகள் மூன்றாவதைச் சொன்னாள். அவர் நாலாவதைச் சொன்னார். நாலு மாதம் கழித்து அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. ஆறாவதுக்கு அப்புறம் ஹாரனை இரண்டு பேருமாக அடித்தார்கள். டிரைவரின் வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. பொறுப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

ஒன்பது, பத்து என்று போனது. பத்துக்கு அடுத்ததை மகள் சொன்னாள்.

டிரைவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தலையை இல்லை என்று ஆட்டினார். அதைத் தாண்டி, அதற்கும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார்.

ஸ்டெனோ சார் நோட்டைப் புரட்டினார். மகள் சொன்ன பெயர் அதில் எங்கேயும் இல்லை. பதினாலு நாளில் ஒருநாள்கூட அவர் அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தவில்லை.

மகள் மறுபடி அதையே சொன்னாள், கெஞ்சுகிற குரலில். டிரைவர் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். அவள் முகமும் மாறிவிட்டது. ஏதோ நினைவுக்கு வந்தவள்போல அப்பாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள். அங்கே என்ன என்று பொறுப்பாளர் மெல்லக் கேட்டார். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் சொல்கிறேன் என்றாள்.

பிறகு ஸ்டெனோ சார் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான்.

"நாளைக்கு நாலு மணி" என்றாள். "வாங்க. ப்ளீஸ்."

பொறுப்பாளருக்குச் சந்தோஷத்தில் நாக்கு நிதானம் இழந்துவிட்டது. நாளைக்கு மட்டுமா, இந்த ஒன்பது மாதமும் இவரை நாலு மணிக்கு மாடிக்கே போட்டுவிடலாம், சலவை அறைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சிரித்தார். எக்சர்சைஸ் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டெனோ சார் மனைவியை ஒரு தரம் பார்த்தார்.

ஆறு மணிக்கு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். இருபது நிமிஷ நடை. வேலை முடிந்து போகிறவர்கள் ஒருவரையொருவர் இடிக்காமல், பார்க்காமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி தூரத்தில் அவர் சாலையோரம் ஒரு பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"ஒன்பது மாசம்னாங்களே. அது என்ன?"

அவள் சொன்னாள். காலையில் கேட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

"மத்தியானமே சொல்லியிருக்கலாமே."

"மத்தியானம் உங்ககிட்டச் சொல்ல வேற ஒண்ணு இருந்துதே."

"நான் முடியாதுன்னு சொல்லிடுவேன்னு பயமா?"

"இல்லைங்க" என்றாள் அவள். "சரின்னு சொல்லிடுவீங்கன்னுதான் பயம். வரும்போது ஒரு வேகத்துல சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லிடுவீங்க. அப்புறம் ஒன்பது மாசம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதைப் பக்கத்துல இருந்து பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஒரு பஸ் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவர் அதை ஓட்டியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக எத்தனை பஸ்ஸில் ஏறி இறங்கியிருக்கிறார். ஓட்டுகிறவர் முகத்தை ஒரு தடவையாவது பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"இந்தத் தடவை வேகத்துல சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல. யோசிக்கிறேன். நிஜமாவே யோசிக்கிறேன்."

"யோசிங்க."

"ஆனா ஒண்ணு. அடுத்த வாரமே கிளம்பணும்னு மத்தியானம் சொன்னேனே, அதை அடிச்சிடு. அந்தப் பதினோராவது ஸ்டாப்புல என்ன இருக்குன்னு தெரியாம நான் எந்த ப்ளைட்லயும் ஏற மாட்டேன்."

அவள் சிரித்தாள். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த சிரிப்பு, நடுவில் கொஞ்சம் அழுகையும் கலந்து வந்தது. அவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். முனையோடு முனை சேர்த்து நாலாக மடித்திருந்தது.

"நம்ம பொண்ணுகிட்ட என்னங்க சொல்றது?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ வேலைக்குச் சேர இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நம்மளை நம்பித்தானே சரின்னு சொன்னா."

"ஒளிச்சு வெச்சது இன்னிக்கு ஒரு நாளுக்குப் போதும்" என்றார் அவர். "இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுவோம். கேட்டிருக்காங்க, இன்னும் முடிவு பண்ணலன்னு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

வழக்கமாக மகள்தான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் அவள் எண்ணை அழுத்தினார். மனைவியும் கேட்கட்டும் என்று போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

அவர் ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் பேசினாள். குரல் கம்மியிருந்தது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்ப்பா. அம்மா பக்கத்துல இல்லையே?"